கம்பியில்லா மைக்: தேர்ந்தெடுக்கும் முறையும் கையாளும் முறையும்

தஞ்சை மாவட்டத்து உழவர்கள் 1960-களில் ஆடுதுறை 27 என்னும் நெல் வகையை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். வானொலியின் வேளாண் ஒலிபரப்பு வாயிலாக அந்நெல்லைப் பற்றிய செய்தி ஊர்தோறும் பரவியமையே அப்பெயர் வந்ததற்குக் காரணமாகும். நேரில் கண்டறியாத ஒருவருடைய குரலை நம்பி உழவர் தம் நிலத்தில் புதிய விதையை இட்டனர். குரல் தெளிவாகச் செவியில் விழுந்ததாலன்றோ அந்நம்பிக்கை பிறந்தது!

இன்று ஒலிபரப்பு நிலையம் நம் சட்டைப் பைக்குள்ளேயே வந்துவிட்டது. கைப்பேசி வைத்திருக்கும் உழவர் எவரும் தம் வயலில் கண்ட நுட்பத்தைக் காணொளியாக எடுத்துப் பிறருக்கு அனுப்பலாம். மகளிர் சுய உதவிக் குழுவினர் தம் உற்பத்திப் பொருளை விளக்கிப் பதிவு செய்யலாம். ஊராட்சிகள் கிராம சபையின் நடவடிக்கைகளைப் பதிவு செய்து பாதுகாக்கலாம். எனினும், நாம் சுற்றுப்பயணத்தின்போது காணும் பதிவுகளுள் பலவற்றில் படம் துலக்கமாக இருக்கிறது. குரலோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒலிக்கிறது. காற்றின் இரைச்சலும் பம்புசெட்டின் ஓசையும் பேச்சை மூடிவிடுகின்றன.

இதனை ஒரு சிறு குறை என்று ஒதுக்குதல் கூடாது. 'இருபதாம் நாள் மேலுரம் இடுக' என்று கூறியது 'எழுபதாம் நாள்' என்று கேட்குமாயின், கேட்டவரின் பயிர் என்னவாகும்? படம் மங்கலாயின் பார்ப்பவருக்குச் சிறிது சலிப்பு உண்டாகும். சொல் மங்கினாலோ பொருளே மாறிவிடும். இக்குறையை நீக்குவதற்கு உதவும் கருவியே கம்பியில்லா மைக் ஆகும். சட்டைக் கழுத்தில் பொருத்திக்கொள்ளும் வகையைக் 'காலர் மைக்' என்று மக்கள் வழங்குகின்றனர். அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் அறிந்துகொள்வதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

கிராம சபைக்கு இதனால் என்ன பயன்?

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூட்டப்பெறும் என்று 2022-ஆம் ஆண்டில் அரசு அறிவித்தது. அக்கூட்டங்களில் பேசப்படுவன வெறும் பேச்சல்ல. குடிநீர், சாலை, தெருவிளக்கு, வீடு வழங்கல், வேலை உறுதித் திட்டம் ஆகியன பற்றிய மக்களின் கோரிக்கைகளாகும்.

2025 ஆகஸ்டு மாதத்தில் மத்திய அரசின் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 'சபாசார்' என்னும் கணினிக் கருவியை அறிமுகப்படுத்தியது. கிராம சபையின் ஒலிப் பதிவையோ காணொளிப் பதிவையோ அதற்கு அளித்தால், செயற்கை நுண்ணறிவின் துணைகொண்டு நடவடிக்கைக் குறிப்பை வரைந்து தருவது அதன் பணி. இவ்வகைக் கருவிகள் வந்துள்ள இக்காலத்தில் ஓர் உண்மையை நாம் நன்கு உணர்தல் வேண்டும். மனிதர் ஒருவர் குறிப்பெழுதும்போது, சரியாகக் கேட்காவிடில், 'அம்மா, மீண்டும் சொல்லுங்கள்' என்று கேட்பார். இயந்திரம் அவ்வாறு கேட்பதில்லை. பதிவில் விழாத சொல் குறிப்பிலும் விழாது.

மேடைக்கு அருகே அமர்ந்து உரத்த குரலில் பேசுவோர் எப்படியும் பதிவாகிவிடுவர். கடைசி வரிசையில் தூணோரம் நின்று, தம் தெருவுக்குக் குடிநீர் வரவில்லை என்று மெல்லிய குரலில் முறையிடும் மூதாட்டியின் சொல்லே விடுபட்டுப் போகும். ஆகவே, மைக் வாங்குவது ஆடம்பரச் செலவு என்று எண்ணுவது பொருந்தாது. எவருடைய குரல் ஏட்டில் ஏறவேண்டும் என்பதை முடிவு செய்வதில் அதற்கும் பங்குண்டு. அதேவேளையில், இயந்திரம் வரைந்து தரும் குறிப்பை அப்படியே ஏற்காமல், தீர்மானப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுத் திருத்துதல் இன்றியமையாதது.

தூரமே முதற் பகை

கைப்பேசியிலேயே மைக் இருக்கும்போது வேறொன்று எதற்கு என்று சிலர் வினவக்கூடும். விடை எளிது. வெட்டவெளியில் தூரம் இரு மடங்கானால், செவிக்கு எட்டும் ஒலியின் அழுத்தம் பாதியாகக் குறையும். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மைக் இருப்பதாகக் கொள்வோம். அதனை இரண்டு சாணுக்குத் தள்ளினால் குரல் பாதியாகிறது. நான்கு சாணில் கால் பங்காகிறது. எட்டுச் சாணில், அதாவது ஆறடித் தூரத்தில், எட்டில் ஒரு பங்காகிறது. ஒரு மனிதரை முழு உருவமாகப் படம் எடுக்கக் கைப்பேசியை ஏறத்தாழ அத்தூரத்தில்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

குரல் இவ்வாறு தேய்ந்தாலும், சுற்றியுள்ள இரைச்சல் தேய்வதில்லை. பம்புசெட்டு ஓசையும், பேருந்தின் ஓசையும், பிள்ளைகளின் கூச்சலும் முன்போலவே கைப்பேசியை எட்டுகின்றன. ஒலியளவைக் கூட்டினால் குரலோடு இரைச்சலும் சேர்ந்தே கூடும். ஆதலால், மைக்கைப் பேசுபவரின் வாயருகே கொண்டு செல்வதைத் தவிர வேறு நல்ல வழியில்லை. ஒரு சாண் தூரத்தில் உள்ள எளிய மைக், ஆறடித் தூரத்தில் உள்ள உயர்ந்த மைக்கைவிடப் பெரும்பாலும் நன்றாகப் பதிவு செய்யும். மைக் வாங்க எண்ணும் ஒவ்வொருவரும் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய விதி இதுவேயாகும்.

கம்பியுள்ள காலர் மைக்கும் இவ்விதிக்கு உட்பட்டு நன்கு உழைக்கக் கூடியதே. விலையும் குறைவு. ஓரிடத்தில் அமர்ந்தே பேசுபவருக்கு அதுவே போதும். நடந்துகொண்டே வரப்பையும் வாய்க்காலையும் காட்ட வேண்டியவருக்கும், கூட்டத்தில் பலரிடம் மைக் மாறிச் செல்ல வேண்டிய இடத்திற்கும் கம்பியில்லா மைக் தேவைப்படுகிறது.

கருவியின் உறுப்புகள்

கம்பியில்லா மைக்கில் இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று, பேசுபவர் அணியும் ஒலி அனுப்பி. மற்றொன்று, கைப்பேசியிலோ கேமராவிலோ பொருத்தப்படும் ஒலி வாங்கி. முற்காலத்தில் இடுப்பில் ஒரு பெட்டியும், அதிலிருந்து கழுத்துவரை செல்லும் கம்பியும் தேவைப்பட்டன. 2019-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நாட்டின் ரோட் நிறுவனம், மைக்கும் அனுப்பியும் ஒரே சிறு பெட்டியில் அடங்கிய 'வயர்லெஸ் கோ' என்னும் கருவியை வெளியிட்டது. அவ்வனுப்பியின் எடை சுமார் 31 கிராம் மட்டுமே. 2022-இல் சீன நாட்டின் டி.ஜே.ஐ. நிறுவனமும் இவ்வகைக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று பற்பல நிறுவனங்கள் இவற்றைச் செய்து விற்கின்றன. எந்த நிறுவனத்தின் பொருளையும் பரிந்துரைப்பது நமது நோக்கமன்று. வரலாறு விளங்குவதற்காகவே இப்பெயர்களைக் குறிப்பிட்டோம்.

எந்த அலைவரிசை ஏற்றது?

அனுப்பியிலிருந்து வாங்கிக்கு ஒலி செல்லும் வழி மூவகைப்படும்.

முதல் வகை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவது. இன்று காணொளிக்கென விற்கப்படும் சிறு மைக்குகளுள் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. 2005-ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற மத்திய அரசின் விதிகளின்படி, வரையறுக்கப்பட்ட ஆற்றலுக்கு உட்பட்டு இவ்வலைவரிசையைத் தனி உரிமமின்றிப் பயன்படுத்தலாம். இது நம்மவர்க்கு வசதியானது. ஆயினும், வைஃபையும் புளூடூத்தும் இதே அலைவரிசையில் இயங்குவதால், கைப்பேசிகள் மிகுந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஒலி விட்டுவிட்டு வரலாம். மேலும், இவ்வலைகளை நீர் எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். மனித உடல் பெரும்பகுதி நீரால் ஆனது. எனவே, அனுப்பியை மார்பில் அணிந்தவர் கேமராவுக்கு முதுகு காட்டித் திரும்பினால், அவர் உடலே அலைகளை மறைத்துவிடும். அடர்ந்த கரும்புத் தோட்டத்திலும் வாழைத் தோட்டத்திலும் இத்தகைய தடை நேரும்.

இரண்டாம் வகை, மேடைக் கச்சேரிகளிலும் திரைப்படத் துறையிலும் பயன்படும் யு.எச்.எஃப். அலைவரிசை மைக். உடலைச் சுற்றி வளைந்து செல்லும் தன்மை இதற்கு மிகுதி. எனினும், விலை அதிகம், கருவியும் பெரிது. இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. பழைய மைக்குகளுள் சில 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்குவன. அப்பகுதி நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டு ஏலத்தில் கைப்பேசிச் சேவைக்கு விற்கப்பட்டது. அமெரிக்க நாட்டில் அப்பகுதியில் மைக்குகளை இயக்குவது 2010 ஜூன் 12 முதலே தடை செய்யப்பட்டுள்ளது. ஆகையால், மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய யு.எச்.எஃப். மைக்கை அலைவரிசை அறியாது வாங்குவது அறிவுடைமையாகாது.

மூன்றாம் வகை, புளூடூத் காதொலிக் கருவியின் மைக்கையே காணொளிக்குப் பயன்படுத்துவது. தொலைபேசி உரையாடலுக்கென அமைந்தமையால் அதன் ஒலி குறுகியதாக இருக்கும். சில வேளைகளில் உதடு அசைந்த பின்னரே சொல் கேட்கும். அவசரத்திற்கு அது உதவலாமேயன்றி, நிலையான பணிக்கு ஏற்றதன்று.

உழவர்க்கும் ஊராட்சிக்கும் பொதுவாக முதல் வகையே போதுமானது என்று கருதுகிறோம். பெட்டியின்மேல் நூறு மீட்டர், இருநூறு மீட்டர் என்று அச்சிட்டிருக்கும் தூரம், இடையில் எத்தடையுமில்லாத வெளியில் அளந்ததாகும். அதனை நம்பி விலை கொடுத்தல் வேண்டா. பேசுபவரும் கேமராவும் ஒருவரையொருவர் பார்க்கும் நிலையில் இருந்தால், நமக்கு வேண்டிய பத்து, இருபது மீட்டர் தூரத்திற்குக் குறை நேராது.

பயனுக்கேற்ற தேர்வு

கடைக்குச் செல்லுமுன், 'யார் பேசப்போகிறார், எங்கே பேசப்போகிறார்' என்று தாளில் எழுதிக்கொள்ளல் நன்று.

ஒருவர் மட்டும் வயலில் நின்று விளக்குவதாயின், ஓர் அனுப்பியும் ஒரு வாங்கியும் உள்ள தொகுப்புப் போதும். வேளாண் அலுவலர் கேட்க உழவர் விடையிறுப்பது போன்ற உரையாடலுக்கு இரண்டு அனுப்பிகள் வேண்டும். இரண்டு குரல்களையும் இருவேறு தடங்களில் தனித்தனியே பதிவு செய்யும் வசதி இருப்பின் மேலும் நன்று. ஒருவர் இருமினால் அதை மட்டும் பின்னர்க் குறைத்துக்கொள்ளலாம்.

கிராம சபையின் நிலை வேறு. மக்கள்தொகைக்கு ஏற்ப 50 முதல் 300 பேர் வரை வருகை தந்தாலன்றிக் கூட்டம் செல்லாது என்பது விதி. அத்தனை பேருக்கும் காலர் மைக் அணிவிக்க இயலாது. நான்கு மைக்குகள் உள்ள தொகுப்பை வாங்கினாலும் இச்சிக்கல் தீராது. இதற்கு எளிய வழியொன்று உண்டு. மைக்செட் வைத்து ஒலிபெருக்கியில் பேசும் கூட்டங்களில், கையிலிருந்து கைக்கு மாறும் மைக்கின் கழுத்திலேயே நம் அனுப்பியை ரப்பர் வளையத்தால் பிணைத்துவிடலாம். எவர் கையில் மைக் செல்கிறதோ அவர் குரல் அருகிலிருந்தே பதிவாகும். இரண்டாம் அனுப்பியைத் தலைவரின் மேசைமீது வைக்கலாம். அவ்வாறு வைக்கும்போது ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே வைத்தல் கூடாது. ஒரே சொல் இருமுறை கேட்பதுபோல் பதிவாகும்.

மைக்செட் இல்லாத சிற்றூர்க் கூட்டத்தில், அனுப்பியைச் செருகிக் கைப்பிடி மைக்காகப் பயன்படுத்த உதவும் பிடி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். அதனை ஏந்திச் சென்று பேசுபவரிடம் கொடுப்பதற்கென ஓர் இளைஞரையோ சுய உதவிக் குழு உறுப்பினர் ஒருவரையோ அமர்த்துதல் வேண்டும். அவர் முன் வரிசையோடு நின்றுவிடாமல் கடைசி வரிசைவரை செல்லுதல் கடமையாகும். எவ்வளவு உயர்ந்த கருவியும் இப்பணியைத் தானே செய்யாது.

கைப்பேசியுடன் இணைப்பு

நல்ல மைக்கை வாங்கியும் பயனின்றிப் போவதற்குப் பெரும்பாலும் இணைப்பே காரணமாகிறது. இன்றைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டைப்-சி துளையே உள்ளது. ஆப்பிள் நிறுவனத்தின் பழைய ஐபோன்களில் லைட்னிங் துளை இருந்தது. 2023-இல் வந்த ஐபோன் 15 முதல் அங்கும் டைப்-சி வந்துவிட்டது. கேமராக்களிலும் சில கைப்பேசிகளிலும் 3.5 மில்லிமீட்டர் வட்டத் துளை உண்டு. எனினும், கேமராவுக்கான செருகியில் இரண்டு கறுப்பு வளையங்களும் கைப்பேசிக்கான செருகியில் மூன்று வளையங்களும் இருக்கும். ஒன்றுக்கு மற்றொன்று பொருந்துவதுபோல் தோன்றினும் ஒலி வாராது. இரண்டிற்கும் உரிய கம்பிகள் தொகுப்பிலேயே உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும்.

கைப்பேசியின் தடித்த உறை காரணமாக வாங்கி முழுதும் உட்செல்லாதிருப்பதுண்டு. உறையைக் கழற்றிவிட்டுப் பொருத்துக. சில கைப்பேசிகளில் ஓ.டி.ஜி. என்னும் வசதியை அமைப்புப் பகுதியில் இயக்கினாலன்றி வாங்கி உயிர்பெறாது. மற்றும் சிலவற்றில், கைப்பேசியோடு வந்த கேமரா செயலி வெளி மைக்கைக் கவனியாது தன் மைக்கிலேயே பதிவு செய்யும். அந்நிலையில் 'ஓப்பன் கேமரா' போன்ற கட்டணமில்லாச் செயலியை நிறுவி, அதில் வெளி மைக்கைத் தேர்ந்தெடுக்கலாம். வெளி மைக்தான் பதிவு செய்கிறதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. பதிவைத் தொடங்கி, அனுப்பியின் மேல் நகத்தால் மெல்லத் தட்டுக. பின்னர்க் கைப்பேசியைத் தட்டுக. பதிவைக் கேட்கும்போது எத்தட்டல் உரத்துக் கேட்கிறதோ அதன் மைக்கே வேலை செய்கிறது.

காற்றும் இரைச்சலும்

ஆடி மாதக் காற்றை அறியாதார் யார்? மைக்கின்மேல் காற்று மோதினால் இடி முழங்குவதுபோல் பதிவாகும். பின்னர் அதனை நீக்குதல் அரிது. சிறு பஞ்சுறை வீட்டுக்குள் பேசுவதற்குப் போதும். வயலுக்கு உரோம உறையே வேண்டும். உறை தளர்ந்து விழாமல் முடுக்கிப் பூட்டும் அமைப்பு உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரப்பில் விழுந்த உறையைத் தேடிப் பிடித்தல் எளிதன்று.

இரைச்சலைத் தானே குறைக்கும் பொத்தான் பல கருவிகளில் உள்ளது. பம்புசெட்டு போன்ற ஒரே சீரான ஓசைக்கு இது உதவும். ஆனால், மிகுதியாக இயக்கினால் இரைச்சலோடு சொற்களின் ஈறுகளையும் விழுங்கிவிடும். 'வந்தது' என்பதற்கும் 'வந்தன' என்பதற்கும் வேறுபாடு தெரியாமற் போகும். ஆகையால், வேண்டும்போது இயக்கவும் வேண்டாதபோது நிறுத்தவும் கூடியதாக அது இருத்தல் வேண்டும். மிகக் குறைந்த விலைக் கருவிகள் சிலவற்றில் இதனை நிறுத்தவே இயலாது. முடிந்தால் மோட்டாரைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுப் பேசுவதே எல்லாவற்றினும் சிறந்த வழி.

ஒலியளவும் மின்கலமும்

குரல் மிகுந்து உச்சவரம்பைக் கடந்தால் ஒலி கரகரக்கும். வெட்டுண்ட ஒலியை எவரும் திருத்த இயலாது. ஒலியளவு காட்டும் கோடு, உரத்துப் பேசும்போதும் சிவப்பைத் தொடாமல், கழித்தல் 12 டெசிபல் அளவில் நிற்குமாறு அமைத்தல் நன்று. சில கருவிகள் முதன்மைப் பதிவோடு, ஒலியளவைக் குறைத்த மற்றொரு பதிவையும் காப்புக்காகச் செய்கின்றன. விலை உயர்ந்த சிலவற்றில் '32 பிட் ஃபுளோட்' என்னும் முறை உண்டு. மெல்லிய குரலும் உரத்த குரலும் கலந்து வரும் இடங்களில் இவை கைகொடுக்கும்.

அனுப்பியிலேயே தனியாகப் பதிவு செய்துகொள்ளும் வசதி குறிப்பிடத்தக்கது. இடையில் அலை அறுந்து கைப்பேசிப் பதிவில் ஒலி விட்டுப் போனாலும், அனுப்பிக்குள் முழுப் பேச்சும் இருக்கும். வயல் காணொளியை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். கிராம சபையை மீண்டும் கூட்ட இயலுமோ? ஆகவே, ஊராட்சிக்கென வாங்கும் கருவியில் இவ்வசதி இருத்தல் விரும்பத்தக்கது. தனிப்பட்ட உழவருக்கு இது கட்டாயமன்று.

மின்கலம் ஒருமுறை ஏற்றினால் எத்தனை மணி நேரம் உழைக்கும் என்பதை அனுப்பிக்கும் வாங்கிக்கும் தனித்தனியே கேட்டறிக. வைக்கும் பெட்டியே மின்னேற்றியாகவும் இருப்பின் வசதி. மின்கலத்தைப் பெரும்பாலான சிறு கருவிகளில் மாற்ற இயலாது. எனவே, வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கருவியை வைத்துவிட்டுச் செல்லுதல் கூடாது. வெப்பம் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும்.

வாங்குமுன் செய்ய வேண்டிய ஐந்து சோதனைகள்

சில நூறு ரூபாய்க்கும் மைக் கிடைக்கிறது. இருபதாயிரம் ரூபாய்க்கு மேலும் கிடைக்கிறது. விலை குறைந்தவை யாவும் தீயனவல்ல. விலை உயர்ந்தவை யாவும் நமக்குத் தேவையானவையுமல்ல. கீழ்க்கண்ட சோதனைகளே உண்மையை உணர்த்தும்.

1. நாம் பயன்படுத்தப்போகும் அதே கைப்பேசியைக் கடைக்குக் கொண்டு சென்று பொருத்திப் பார்த்தல்.

2. அனுப்பியை அணிந்து, பேசிக்கொண்டே முப்பது அடி எட்டி நடந்து, பின்னர் முதுகு காட்டித் திரும்பி நின்று, ஒலி அறுகிறதா என்று பார்த்தல்.

3. சாலையோரத்திலோ, ஓடும் மோட்டாரின் அருகிலோ நின்று, இரைச்சல் குறைப்பை இயக்கியும் நிறுத்தியும் ஒரே வாக்கியத்தைப் பேசிப் பதிவு செய்தல்.

4. ஒரு மணி நேரம் இடையறாது பதிவு செய்து, கருவி தானே அணைகிறதா, உதடும் சொல்லும் இறுதிவரை ஒத்துச் செல்கின்றனவா என்று நோக்குதல்.

5. பதிவைக் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேளாமல், காதொலிக் கருவியில் கேட்டல். பேச்சை முன்பே அறியாத ஒருவரிடம் கொடுத்து, அவர் கேட்ட எண்களை எழுதச் சொல்லுதல் மிக நன்று. எண்கள் பிழையின்றி எழுதப்பட்டால் மைக் தேறியது என்று கொள்ளலாம்.

இணைய வழியே வாங்குவோர், பொருள் வந்தவுடன் திருப்பியனுப்பும் காலக்கெடுவுக்குள் இச்சோதனைகளைச் செய்து முடித்தல் வேண்டும்.

ஊராட்சி நிதியில் வாங்குவதாயின், மன்றத்தின் தீர்மானமும், நடைமுறையிலுள்ள கொள்முதல் விதிகளும் பின்பற்றப்பட வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விலைப்புள்ளி கோரும்போது நிறுவனப் பெயரை மட்டும் எழுதாமல், அனுப்பிகளின் எண்ணிக்கை, இணைப்பு வகை, தனிப் பதிவு வசதி, உரோம உறை, உத்தரவாதக் காலம் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுக. கம்பியில்லாக் கருவியாதலின், மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வகை ஒப்புதல் பெற்றதா என்றும் கேட்டறிக. வாங்கியபின் இருப்புப் பதிவேட்டில் பதிந்து, பொறுப்பாளர் ஒருவரிடம் கையொப்பம் பெற்று ஒப்படைத்தல் வேண்டும். சிறு பொருளாதலால் எளிதில் காணாமற் போகும்.

அணியும் முறையும் நெறியும்

மோவாய்க்குக் கீழே ஒரு சாண் தூரத்தில், நடு மார்பில் மைக்கை அணிவதே சரியான முறை. தோளில் கிடக்கும் துண்டு அதன்மேல் உராயாதவாறு ஒதுக்கிவிடுக. சட்டை அணியாமல் வயலில் நிற்கும் உழவர், துண்டை மார்பின் குறுக்கே கட்டி அதில் மைக்கைப் பொருத்தலாம். பெண்கள் அணியும்போது தாலிச் சங்கிலியும் மணிமாலையும் மைக்கில் மோதாதவாறு பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். மொடமொடப்பான சேலையின் சரசரப்பும் பதிவாகும் என்பது நினைவிருக்கட்டும். துணியில் பிடிப்பதற்குக் காந்தம் உள்ள கருவிகளை, இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டோருக்கு அணிவித்தல் கூடாது.

பேசுபவரிடம் பதிவு செய்யப்போவதை முன்னரே கூறி இசைவு பெறுதல் பண்பாகும். பேச்சு முடிந்ததும் அனுப்பியை அணைத்துவிட வேண்டும். அணைக்க மறந்தால், அவர் அப்பால் சென்று வீட்டாரோடு பேசும் தனிப் பேச்சும் பதிவாகிவிடும். மக்களின் நம்பிக்கையை இழந்தபின் எக்கருவியால் என்ன பயன்?

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறோம். அடுத்த கிராம சபைக்கு முன் ஒருநாள் கூட்டம் நடக்கும் அதே இடத்தில், கடைசி வரிசையில் ஒருவரை நிறுத்தி மெல்லப் பேசச் செய்து பதிவு செய்து பாருங்கள். அவர் கூறியது ஒரு சொல்லும் விடாமல் கேட்குமாயின், உங்கள் ஏற்பாடு செம்மையானது. கேட்கவில்லையாயின், புதிய மைக் வாங்கும் முன், இருக்கும் மைக்கை அவரருகே கொண்டு செல்லும் வழியை முதலில் காணுங்கள்.